தொண்ணூறு நாளைக்கு வலி கூடாது

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபார்மையும் நீட்டி, "நீங்களே நிரப்பிக் குடுத்துடுங்க" என்பார்கள். நிரப்பிக் கொடுப்பார். ஆனால் ஒரு எழுத்துப் பொய்யாக எழுத மாட்டார். வயதில் இரண்டைக் குறைத்துப் போடச் சொன்ன ஒருவரிடம் ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் கடை வாசலிலேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானாள். "பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்கம்மா, எனக்குத் தனியா பயமா இருக்கு" என்று போனில் அழுதாள். அழுத கையோடு கறாராக இன்னொன்றும் சொன்னாள். "அப்பாவோட நெஞ்சுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்தாதான் டிக்கெட் போடணும். இங்க ஆஸ்பத்திரியில படுத்தா எங்களால தாங்க முடியாது." அவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் டோக்கனை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடைசியா எப்ப சார் மாத்திரை மாத்தினாங்க?"

மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினேன். மனுஷன் அசையவில்லை.

"போன செவ்வாய்க்கிழமை. அரை மாத்திரையா இருந்தது, டாக்டர் முழுசாக்கிட்டாரு."

"அப்போ அன்னையிலேர்ந்து தொண்ணூறு நாள் ஆகணும் சார். அதுக்குள்ள மாத்திரை மாறக்கூடாது, புதுசா வலி வரக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக்கூடாது. இதுல எது நடந்தாலும் மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவாங்க. இப்பவே வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஆனா நெஞ்சு சம்பந்தமா எதுவும் தர மாட்டோம். கால் உடைஞ்சா தருவோம்."

"அப்போ நெஞ்சைக் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வரச் சொல்றியாம்மா?" என்றேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பாவம், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இவர் அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னு சொல்லியிருந்தா குடியா முழுகிடும்?"

"நாளைக்கு அங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல அதைத்தான் தோண்டுவாங்க. பொய்னு தெரிஞ்சா கையை விரிச்சிடுவாங்க. அப்புறம் எல்லாம் நம்ம பொண்ணு தலையிலதான் விடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் பிரசவத் தேதி. ஒரே ஒரு தடவை முதலிலிருந்து எண்ண நேர்ந்தால் பிள்ளை பிறக்கும்போது நாங்கள் அங்கே இருக்க முடியாது. அன்றிலிருந்து அந்த மனுஷனைத் தும்மக்கூட விடவில்லை. காகிதக் கட்டுகளைக் கடைக்குள் நானே தூக்கி வைத்தேன். உப்பைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன். "இது சாப்பாடா, தண்டனையா?" என்பார். "பேசாம சாப்பிடுங்க, இன்னும் நாப்பது நாள்தான்" என்பேன்.

எழுபத்தோராம் நாள் காலையில் முகம் கழுவப் போனவர், தண்ணீர் சொட்டச் சொட்ட சமையலறை வாசலில் வந்து நின்றார். இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்னமோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு. டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

என் கண் முதலில் போனது காலண்டருக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"பாத்தா மாத்திரையை மாத்துவாரு" என்றேன். "பத்தொன்பது நாள்தாங்க இருக்கு. வாயுவா இருக்கும்."

அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"புதுசா வலி வந்துச்சான்னு ஃபார்ம்ல கேப்பாங்களே?"

"வாயுவை எல்லாம் யாராவது ஃபார்ம்ல எழுதுவாங்களா? போங்க, போய்த் தலையைத் துவட்டுங்க."

"வாயுதான்ங்கிறியா?"

"வாயுதான்."

"சரி" என்றார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இப்போது பரவாயில்லை என்று கடைக்குக் கிளம்பினார். பரவாயில்லைதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன்.

எழுபத்தெட்டாம் நாள் கடைத்தெருவிலிருந்து வரும்போது வழியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "அன்னைக்கு மாதிரியே இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டாக்டரைப் பார்க்கலாமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நானோ முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "பன்னிரண்டே நாள்தாங்க. போய்ப் பேரப்பிள்ளையைப் பாத்துட்டு வந்த மறுநாளே டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றேன். சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது. அது தெரிந்தும் பேசாமல் வீட்டுக்கு நடந்தேனே, நான் பெண்ணா?

எண்பத்து மூன்றாம் நாள், காலை பதினொன்றரை மணிக்குப் பக்கத்துத் தையல்கடைக்காரர் போன் செய்தார். யாருக்கோ சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"முன்னாடி வலி ஏதாவது வந்திருக்குமே, சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். "பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தாக்கூட ஏதாவது செஞ்சிருக்கலாம்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

நிறைமாதக்காரியை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். மகள் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது போன் திரையில்தான். மறுநாள் மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் மாப்பிள்ளை அந்த டாக்டர்கிட்ட பேசினாரு. அப்பாவுக்கு முன்னாடியே வலி வந்திருக்கும்னு சொன்னாராம். இன்சூரன்ஸ் கிடைக்காம போயிடும்னு பயந்து ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டீங்களா? நான் சொன்னதாலயாம்மா?"

இன்னும் பதினெட்டு நாளில் பிரசவம் அவளுக்கு.

"சீ, என்ன பேச்சுடி இது? வலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா சும்மா இருப்பேனா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

உடைந்து அழுதாள்.

"நேத்து காலையிலகூட என்கிட்ட சிரிச்சுப் பேசினாரேம்மா. எப்படிப்பா இருக்கீங்கன்னு கேட்டேன், ரொம்ப நல்லா இருக்கேன்டான்னாரு. வலியை வச்சுக்கிட்டே பொய் சொல்லியிருக்காரு. உன்கிட்டகூட சொல்லாம மறைச்சிருக்காரு. இதை மட்டும் என்னால மன்னிக்கவே முடியாதும்மா."

சொன்னாரடி, ரெண்டு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், நான்தான் வாயை அடைத்தேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் தன்னால்தான் அப்பா போனார் என்று அந்த வயிற்றோடு அவள் உருகிப்போயிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆமாடி" என்றேன். "உங்கப்பா நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரு."