அப்பளத்தின் மேல் ஈயக்கட்டி

சொர்ணாம்பாள் வீட்டில் வேலையற்ற பொருள் எதுவும் கிடையாது. உடைந்த உரல் கன்றுக்குத் தண்ணீர்த் தொட்டியாயிற்று. பிடி கழன்ற அரிவாள் தேங்காய் கீறப் போயிற்று. அவளுடைய கணவர் தூத்துக்குடி ஏலத்தில் எடுத்து வண்டியில் ஏற்றிவந்த ஈயக்கட்டி மட்டும் நெடுநாள் அவளுக்கு அடங்காமல் கிடந்தது. உடைந்த தோணி ஒன்றின் அடிப்பாரமாக இருந்ததாம். இரண்டு செங்கற்களை அடுக்கிய அளவுதான். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர அதை வாங்கியதற்கு அவரிடம் வேறு காரணம் இல்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். கட்டி இருந்தது.

முதலில் அதை நெற்குதிரின் மூடிமேல் ஏற்றினாள். பெருச்சாளிகள் மூடியைத் தள்ளுவது நின்றது. நெல் எடுக்க வந்தவர்களாலும் மூடியைத் திறக்க முடியவில்லை. பிறகு காற்றுக் காலத்தில் பின்கட்டுக் கதவுக்கு முட்டாக வைத்தாள். மகள் கோமு அதில் இடித்துக் கால்நகத்தைப் பெயர்த்துக்கொண்டாள். கடைசியில்தான் அதற்கு ஏற்ற வேலை அகப்பட்டது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடத் தெரியாத பெண் இல்லை; அதை வளையாமல் உலர்த்தத் தெரிந்தவர்கள் குறைவு. பாதி உலர்ந்ததும் அடுக்கி, மேலே பலகை வைத்து, பாரம் ஏற்ற வேண்டும். அம்மிக்கல் ஒரு பக்கமாகச் சாயும். துணியில் சுற்றிய ஈயக்கட்டி சாய்வதில்லை.

இப்போது அதன் அடியில் இருந்தவை கோமுவின் கல்யாண அப்பளங்கள். ஏரல் கைலாசம் பிள்ளையின் இளைய மகனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் முகூர்த்தம்.

அந்த ஆனி மாதத் தொடக்கத்தில்தான் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் துரை சுடப்பட்டார். அதன்பின் ஆற்றங்கரை ஊர்களில் போலீஸ்காரர் நுழையாத தெரு குறைவு. சொர்ணாம்பாளின் மகன் சிவசைலம், மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் கலகம் நடந்தபோது, கல்லூரி மாணவனாகக் கூட்டத்தில் நின்று ஓர் இரவு போலீஸ் கொட்டடியில் அடைபட்டிருந்தவன். இப்போது வயலைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தான்.

மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, துணி மாற்றுவதற்காகக் கட்டியின் சுற்றை அவிழ்த்த சொர்ணாம்பாள் திகைத்து நின்றாள். ஒரு மூலையைக் காணவில்லை. கட்டி முழுவதும் சாம்பல் நிறம். வெட்டிய இடம் மட்டும் புது வெள்ளிக்காசு போல் மின்னியது. ஈயத்தில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஏலே சிவசைலம், இத யாருலே வெட்டுனா?"

"எனக்கென்னம்மா தெரியும்? எலி கடிச்சிருக்கும்."

"எலி ஈயத்தத் திங்கும்னு ஒங்க காலேசுல சொல்லிக் குடுத்தாகளோ?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். அவள் அடுப்புச் சாம்பலை எடுத்து வெட்டுவாயில் பூசினாள். அது ஒட்டாமல் உதிர்ந்தது.

நண்பகலில் கைலாசம் பிள்ளை கல்யாணப் பத்திரிகை விஷயம் பேச வந்து சேர்ந்தார். கூடத்தில் பாயில் அமர்ந்ததுமே அவருக்குச் சிரிப்பு.

"தங்கச்சி, எங்க ஊர்க்காரங்களுக்குச் சம்பந்தம் கோணலா இருந்தாலும் பொறுத்துக்கிடுவாக. அப்பளம் கோணலா இருந்தா எலைய விட்டு எந்திரிச்சிருவாக!"

"நம்ம வீட்டு அப்பளம் கோணாது அண்ணாச்சி" என்று சொல்லி, அவள் மோர்த் தம்ளரை அவர்முன் வைத்தாள். அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும், உள்ளூர் ஏட்டு பரமசிவனும், இரண்டு காவலர்களும் உள்ளே நுழைந்தார்கள்.

பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், குதிரில் கம்பு விட்டுப் பார்த்தார்கள். பிறகு அப்பள அறைக்குள் போனார்கள். காவலர்கள் கட்டியைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் வைத்துத் துணியை உருவினார்கள்.

"இது எதுக்கும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்பளத்துக்குப் பாரம்."

"சரி. வெட்டின துண்டு எங்கே? அதுவும் அப்பளத்துக்குத்தானா?"

சாப்பாட்டுக்குத் திரும்பிக் கூடத்து ஓரத்தில் நின்றிருந்த சிவசைலத்தின் தோளை ஏட்டு பரமசிவன் பிடித்தான். "ஏலே, வாயத் தொறந்து சொல்லு. இல்லன்னா வண்டியில ஏறணும். அப்பொறம் நான் சொல்லி ஒண்ணும் ஆவாது."

"நான்தான் வெட்டுனேன்."

"எதுக்குலே?"

ஒரு காவலர் விலங்கை எடுத்தார். சிவசைலம் விலங்கைப் பார்க்கவில்லை. கைலாசம் பிள்ளையைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சொர்ணாம்பாள் கண்டுகொண்டாள். மகன் அஞ்சுவது போலீசுக்கு அல்ல, சம்பந்திக்கு.

ஓராண்டாக அவள் ஒதுக்கிவைத்திருந்தவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. மாலையில் ஆற்றிலிருந்து திரும்பும் மகனின் வாயில் எப்போதும் கிராம்பு மணம். அவனைக் கண்டால் வலைக்காரன் பூதத்தான் சிரிக்கும் உரிமைச் சிரிப்பு. தை மாதத்தில் அவன் துண்டில் ஒட்டியிருந்த ஒரு மீன்செதில்; அதை நகத்தால் சுரண்டி அடுப்பில் போட்டுவிட்டு, ஏதோ ஆற்றுமண் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கைலாசம் பிள்ளையின் வீடு மூன்று தலைமுறையாகச் சிவதீட்சை பெற்ற வீடு. வெங்காயம்கூட வாசலைத் தாண்டாது. கதவுக்குப் பின்னால் கோமு நின்றாள். அவளுடைய சேலைத் தலைப்பு தெரிந்தது. வாய் மூடியிருந்தால் மகன் செய்யாத குற்றத்துக்கு வண்டியில் ஏறுவான். வாய் திறந்தால் அந்தச் சேலைத் தலைப்பு ஏரலுக்குப் போகாது.

விலங்கின் வளையம் திறந்தது.

"அய்யா, நில்லுங்க" என்றாள் சொர்ணாம்பாள். "அந்த ஈயம் ஆத்தங்கரையில பூதத்தான் வலையில கெடக்கு. போயிப் பாருங்க. எம் மவன் மீன் திங்குதான். அதுக்காவ வெட்டிக் குடுத்திருக்கான்."

"யம்மா!" என்று சிவசைலம் கத்தினான்.

இன்ஸ்பெக்டர் உரக்கச் சிரித்தார். "சைவப் பிள்ளைமார் வீட்டிலா?" ஏட்டு பரமசிவன் சிரிக்கவில்லை. அவன் அந்த ஊர்க்காரன்.

பூதத்தானை வலையோடு அழைத்துவந்தார்கள். வலையை நீரில் அமிழ்த்த ஓரத்தில் கோத்திருந்த, மங்கிப்போன பழைய குண்டுகளுக்கு நடுவே புதிய ஈயக்குண்டுகள் வரிசையாக மின்னின.

"ஆமா சாமி, சின்னய்யாதான் குடுத்தாக" என்றான் பூதத்தான். "நம்ம குடிசையிலதான் சாப்புடுவாக. பாவம், அவுகளுக்கு முள்ளு எடுக்கக்கூடத் தெரியாது. நாந்தான் எடுத்துக் குடுப்பேன்."

இன்ஸ்பெக்டர் விலங்கை உள்ளே வைக்கச் சொன்னார். போலீஸ்காரர்கள் போனார்கள், பூதத்தானும் போனான்.

கைலாசம் பிள்ளை எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மோர் தொடப்படாமல் இருந்தது.

"தங்கச்சி, ஒங்க மவன் தப்பிச்சான். சந்தோசம். நான் ஊருக்குப் போயி ஆள் விட்டுச் சொல்லுதேன்."

"என்ன சொல்லி விடுவீக அண்ணாச்சி?"

"அத இங்கன வச்சு என் வாயால கேக்காதீக" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

கோமு வெளியே வந்தாள். அவள் அழவில்லை. "அப்பளத்த எல்லாம் எடுத்துரவா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"இனிமே யாருக்கு?"

"யாருக்குன்னு அப்பொறம் பாப்போம். இப்பம் எடுத்தா வளைஞ்சிரும்."

பாரம் நீங்கிய அடுக்கில் மேல் அப்பளங்களின் ஓரம் அதற்குள் நிமிரத் தொடங்கியிருந்தது. சிவசைலம் ஈயக்கட்டியின் அருகே வந்து குனிந்தான்.

"தொடாதலே!"

அவன் கையை இழுத்துக்கொண்டான். சொர்ணாம்பாள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "போயி ஆத்துல முங்கிட்டு வா. வந்து ஒரு பக்கம் பிடி."

அவன் போனான். அவன் திரும்பி வரும்வரையில் சொர்ணாம்பாள் அப்பள அறையில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தாள்.