உள்ளங்கையில் ஒரு சொட்டு

என் வீட்டுக்காரர் ஆலை கேன்டீனில் சமையல்காரர். அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கொதிப்பதிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "உப்பு சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். அந்த ஒரு வேலையை மட்டும் வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டார். வீட்டிலும் இதே அழிச்சாட்டியம்தான். நான் சமைத்தாலும் வந்து கையை நீட்டுவார்.

"ஏன், எனக்கு நாக்கு இல்லையா?" என்பேன்.

"இருக்கே. அது பேசுறதுக்கு" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் கட்டி கரைந்தது, கூடவே ருசியும் போய்விட்டது. எதை வைத்தாலும் ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றார். நானும் விதவிதமாகச் சமைத்துப் பார்த்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். நான் கத்துவேன், பிறகு அடுப்படியில் போய் அழுவேன். கேன்டீன் முதலாளி தங்கமான ஆள். "ருசி திரும்பினதும் வாங்க மாஸ்டர். அதுவரைக்கும் உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மறுபடி காட்டப் போனபோது டாக்டர், "இத்தனை நாள் வராதது இனிமே வர்றது கஷ்டம்மா" என்றார். என் வீட்டுக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். படித்த வாயில் ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. 'ஜப்பான் நூடுல்ஸ், நம்ம கைப்பக்குவம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அங்கே நின்றுவிட்டார்.

"எப்படிச் செய்றான்னு பாப்போம், வா."

கடைக்காரனுக்கு வாய் ஓயவில்லை. "சூப்புல உப்பே போட மாட்டேண்ணே. உப்பு, உறைப்பு எல்லாம் இந்த சாஸ்லதான். ஜப்பான்ல இதைத்தான் முதல்ல கிண்ணத்து அடியில ஊத்துவாங்களாம். அதுல பூண்டும் மிளகாயும் வறுத்துப் போட்டது மட்டும் என் சேட்டை."

அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு இரண்டு கறுப்புக் கிண்ணங்களில் சூப்பை ஊற்றினான். நூடுல்ஸைப் போட்டு, முட்டையும் வெங்காயத்தாளும் மேலே குவித்துக் கொடுத்தான். பலகையில் உட்கார்ந்தோம்.

அவர் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேச்சுக்கு அப்புறம் அது எப்படி இருந்ததோ. பிறகு கரண்டியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"இந்தா, தெரியுது" என்றார்.

"என்ன தெரியுது?"

"உப்பு. லேசா மிளகாய். கடைசியில பூண்டு வாசம்கூட வருது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டாக்டராம் டாக்டர். நாளைக்கே முதலாளிக்குப் போன் போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே நானும் ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

உப்பு இல்லை. உறைப்பும் இல்லை. வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. இன்னொரு வாய் குடித்தேன். பூண்டு வாசம் மருந்துக்கும் இல்லை.

கடைக்காரன் சாஸ் சட்டியோடு ஓடி வந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன் பேசிக்கிட்டே சாஸ் ஊத்த மறந்துட்டேன்."

அவர் கை பாதியில் நின்றது.

"எனக்குத்தான் மறந்துட்டீங்க தம்பி" என்று என் கிண்ணத்தை மட்டும் முன்னால் தள்ளினேன். "அவருக்கு எல்லாம் சரியா இருக்கு."

அவன், ஒரு கரண்டிகூட எடுக்காமல் நிறைந்திருந்த சாஸ் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். அவர் குனிந்த தலை நிமிராமல் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். சாஸ் ஊற்றிய பிறகும் என் கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது.

பஸ் ஏறினோம். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து காய்கறியை அரிந்து கொதிக்கவிட்டேன். கூப்பிடாமலே வந்தார். வழக்கம்போலக் கையை நீட்டுவார் என்று கரண்டியை எடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து விரித்தார். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"பாத்துச் சொல்லு."

நக்கிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

அவர் அடுப்பை அணைத்தார்.

"அப்போ முதலாளிக்குப் போன் போடு. வேற மாஸ்டரைப் பாத்துக்கச் சொல்லிடு."