ஹில்டாவைத் தூக்க முடியவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்திருந்த ஹில்டாவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கு பெண் காவலர்கள் தூக்கிப் பார்த்தார்கள்; முடியவில்லை. முந்தின வாரம்தான் பட்டாபிராம் கிளினிக்கில் அவள் எடை நாற்பத்தாறு கிலோ என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். நால்வர் எட்டுப் பேரானார்கள். பிறகு பழுதான லாரிகளை இழுக்கும் கிரேன் வந்தது. அதன் பெல்ட் அறுந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தார்ச்சாலை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. ஹில்டாவுக்கு இடது கால் மரத்துப்போனதைத் தவிர வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. அவளோடு உட்கார்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களும் அதே கனம்தான். ‘எடை காரணமாக அப்புறப்படுத்த இயலவில்லை’ என்று ஸ்டேஷன் குறிப்பேட்டில் பதிவானது. இன்ஸ்பெக்டர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஹில்டா பதினோரு வருடமாகக் காலை ரயிலைப் பிடித்து வந்து டிரில்லிங் மிஷினில் நின்றவள். புருஷன் பிரகாசம் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பக்கத்து மிஷினில் அதே பாகத்தில் அதே துளையைப் போடும் வீரராகவனுக்குச் சாம்பல் சட்டை, நிரந்தர வேலை. அவளுக்கு நீலச் சட்டை, கான்டிராக்ட். சம்பளம் அவருடையதில் மூன்றில் ஒரு பங்கு. வீரராகவன் நல்ல மனிதர்தான். சம்பள நாளில் மட்டும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். சம்பளத்தை ஏற்றிக் கேட்டதற்காக நீலச் சட்டைகளை மொத்தமாக நிறுத்திவிட்டுப் புது ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று பெண்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பேக்கிங் பிரிவு மோகனப்பிரியா ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மார்க்கரால் எழுதினாள்: ஒரே வேலை, ஒரே சம்பளம். கோரிக்கை அவ்வளவுதான்.

செய்தி பரவியது. மூன்றாம் நாள் ஷாமியானா வந்தது, ஐந்தாம் நாள் மைக் வந்தது. எந்த அநீதிக்கும் முதல் ஆளாக ஓடிவரும் தமிழ்வாணன் என்ற தலைவர் தினமும் வந்து ஆற்று நீர், விதை உரிமை, டோல்கேட் என்று பேசினார். திருமுல்லைவாயிலில் விரைவு ரயில் நிற்கவேண்டும் என்று ஒரு சங்கம் வந்தது. பருத்திப்பட்டு ஏரியைக் காக்க ஒரு குழு வந்தது. ஹில்டாவுக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சாப்பாடும் கொண்டுவந்தார்கள். அட்டை போய் ஃபிளெக்ஸ் வந்தது, அதில் முப்பத்தொரு கோரிக்கைகள். பன்னிரண்டாம் நாள் தாயம்மாள் என்பவள் ஃபேன் காற்றில் தரையை விட்டுக் கிளம்பி ஷாமியானாத் துணியில் போய் ஒட்டிக்கொண்டாள். கொடிக்கம்பால் தட்டி இறக்கினார்கள். மறுநாளிலிருந்து பெண்கள் துப்பட்டாவால் ஒருவரோடொருவர் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினாறாம் நாள் இரண்டே காவலர்கள் வந்து, கைக்கு ஒருத்தியாக இடுக்கிக்கொண்டு நாற்பது பேரை வேனில் ஏற்றி மாலையில் விட்டார்கள். வேன் டயர் கொஞ்சமும் அமுங்கவில்லை.

பதினேழாம் நாள் காலை ரியா என்ற டிவி நிருபர் ஹில்டாவிடம் மைக்கை நீட்டி, “எதுக்காகக்கா போராடுறீங்க?” என்று கேட்டாள். தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி ஹில்டா ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவதைத் தாண்டியதும் நிருபர் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஹில்டாவின் சொந்தக் கோரிக்கை இருபத்தேழாவதாக இருந்தது. ‘உரிய ஊதியம்’ என்று போட்டிருந்தார்கள். யாருக்கு என்றுகூட இல்லை. வெட்கத்தில் அவள் காது சுட்டது. துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கால் படாமலே தமிழ்வாணனிடம் போனாள்.

“அண்ணாத்தே, நீங்க சொல்றது அத்தினியும் நியாயந்தான். எல்லாம் வோணும். ஆனா நாங்க குந்திகினு கீறது ஒண்ணே ஒண்ணுக்கு. மைக்க கொஞ்சம் நிறுத்துங்க.”

“பேசினாத்தானேம்மா நாலு பேருக்குத் தெரியும்?”

“பேசிப் பேசித்தான் நாங்க பறக்கறோம்.”

அவர் அவள் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தாமே மைக்கை அணைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஹில்டா ஃபிளெக்ஸை அவிழ்த்து மடித்து வைத்தாள். “டிரில்லிங் மிஷின். பதினோரு வருஷம். பக்கத்து மிஷினுக்கு மூணு பங்கு, எனுக்கு ஒரு பங்கு” என்றாள். சொல்லி முடிக்கையில் அவள் குதிகால் சாலையில் பட்டது. அடுத்து மோகனப்பிரியா: பேக்கிங், ஆறு வருஷம். அடுத்து தாயம்மாள். ஒவ்வொருத்தியும் தன் மிஷினையும் வருஷத்தையும் பங்கையும் சொன்னாள், சொன்னவள் இறங்கினாள். ஐம்பதாவது பெண் இறங்கியபோது சாலை விரிசல் விட்டது. நூற்றிருபதாவது பெண்ணுக்குக் காம்பவுண்ட் சுவர் சாய்ந்தது. கடைசிப் பெண்ணுக்குத் தொழிற்சாலைக் கட்டடமே வாசல் பக்கம் சரிந்தது. மாடியில் முதலாளியின் மேஜை, நாற்காலி, அவர், எல்லாம் மெல்ல வழுக்கிப்போய் வாசலைப் பார்த்த ஜன்னலில் நின்றன. பதினேழு நாளில் அப்போதுதான் அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார்.

வீரராகவன் சரிவில் இறங்கி வெளியே வந்தார்.

“என் சம்பளத்த கொறைச்சிடுவானோன்னு பயமா கீது ஹில்டா.”

“உன்னுத கொறைக்க யாரு சொன்னா? எங்களுத ஏத்தச் சொல்றோம். குந்து சார்.”

அவர் குந்தினார். அவர் பின்னாலேயே சாம்பல் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார, கட்டடம் இன்னும் ஒரு முழம் சாய்ந்தது. நாலு மணிக்கு முதலாளி, மேஜை நழுவாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே பக்கம்தான் இருந்தது. ஹில்டா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு அது வரும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது. பிரகாசம் ஷேர் ஆட்டோவில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு பட்டாபிராம் வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

அடுத்த மாதம் எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே சட்டை. நிறம் பச்சை, யாருக்கும் பிடிக்கவில்லை. கட்டடம் சாய்ந்தபடிதான் நிற்கிறது. மிஷின்களுக்கு ஒரு பக்கம் கட்டை வைத்து வேலை நடக்கிறது. தை மாதத்தில் ஆவடிப் பக்கம் ஒரு மசாலா கம்பெனிப் பெண்கள் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அந்த ஊர் இன்ஸ்பெக்டர் தூக்க யாரையும் அனுப்பவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டு வர ஒருவரை அனுப்பினார். சாலையைச் சரிசெய்ய ஜல்லி லாரி கேட்க வந்தவருக்கு முன்பே வந்து ஓரமாக நின்றது.