வேலி தாண்டிய ஆல்பர்ட் பென்ரோஸ்

“செத்தும் அடங்கல உங்க பெண்டாட்டி. என் புருஷனைத் தன் பக்கம் இழுத்து வச்சிருக்கா.”

“நோராவா? உயிரோட இருந்தப்ப என்னையே அண்டவிட்டதில்ல, மிஸ்ஸஸ் பென்ரோஸ். உங்க ஆளை எதுக்குக் கூப்பிடப்போறா?”

ஹில்டா பென்ரோஸும் டெஸ் டியர்னியும் ஆஸ்திரேலியச் சிற்றூரான பூலாரியின் கல்லறைத் தோட்டத்தில் இப்படிக் கத்திக்கொண்டிருந்த காலையில், ஆல்பர்ட் பென்ரோஸின் கல்லறை, நட்ட கல்லோடு, கம்பிவேலியைத் தாண்டிக் கத்தோலிக்கர் பக்கம் போய்விட்டிருந்தது. கம்பி அறுபடவில்லை. மண்கூடக் கலையவில்லை. இங்கே முதலில் குடியேறியவர்கள் கிணறு வெட்டுவதற்கு முன்பே போட்ட வேலி அது; புராட்டஸ்டண்டுகளான மெதடிஸ்டுகள் இந்தப் பக்கம், கத்தோலிக்கர்கள் அந்தப் பக்கம். கல்லறை நகர்ந்ததில் ஊருக்குப் பெரிய ஆச்சரியமில்லை, அந்த வருஷத்து வறட்சியில் நிலத்தின் மேல்மண்ணே பாதி காற்றில் பறந்துபோய்விட்டது. யார் பக்கம் நகர்ந்தது என்பதுதான் பேச்சு. ஆல்பர்ட்டின் கல்லில் தன் பெயருக்கும் இடம்விட்டு வைத்திருந்தாள் ஹில்டா. இப்போது அந்த வெற்றிடம் நோராவின் கல்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மெதடிஸ்டான ஹில்டாவை அங்கே புதைக்கப் பாதிரியார் விடமாட்டார். தனியாகத்தான் கிடக்க வேண்டும். அதை வெளியே சொல்லாமல், நோரா போட்டிருந்த தொப்பிகளைப் பற்றியே அவள் ஊரெல்லாம் பேசித் திரிந்தாள்.

கல்லறை நகர்ந்த காரணத்தைக் கண்டுபிடித்தது டெஸ்தான். செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்து முடிந்ததும் கத்தோலிக்கர்கள் தங்கள் கல்லறைகளில் ஆளுக்கொரு தம்ளர் பியர் ஊற்றுவார்கள். ஆல்பர்ட் வேலி தாண்டியது அதற்கு மறுநாள். அவரோ பதினாறு வயதில் மதுவைத் தொடமாட்டேன் என்று சபையில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவர்.

“சாகுறவரைக்கும்னுதானே போட்டாரு? அதுக்கப்புறம் அவர் இஷ்டம்,” என்றார் டெஸ்.

மதுவிலக்குச் சங்கத் தலைவியான ஹில்டா ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, சபைக்குப் போகும் அதே தொப்பியோடு, மதுக்கடைக்கு முன்வாசல் வழியாகவே போய் ஒரு புட்டி வாங்கிவந்து, மெதடிஸ்டுகள் பக்கத்து மண்ணில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

“போதும் ஆல்பர்ட். வாங்க.”

விடிந்தபோது அவர் பழைய இடத்தில் இருந்தார். கூடவே அந்தப் பக்கம் புதைத்திருந்த கத்தோலிக்கரில் பாதிப் பேரும், பழைய பாதிரியார் ஒருவரும். வேலிக்கு இனி வேலையில்லை என்று டெஸ் கம்பியைச் சுருட்டிக் கோழிக்கூண்டுக்குக் கொண்டுபோனார்.

ஹில்டாவின் மகள் மேவிஸ், டெஸ்ஸின் மகனைக் கட்டிக்கொண்டு அடிலெய்டுக்குப் போய்விட்டாள். எந்தச் சபையில் தாலி... மன்னிக்கவும், மோதிரம் மாற்றினார்கள் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. ஹில்டா இறந்தபோது, குழியை எங்கே வெட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே வெட்டினாலும் காலைக்குள் ஆல்பர்ட் வந்து சேர்ந்துவிடுவார்.