சும்மா விட வேண்டிய செடி

1.

இந்தக் கதை எங்கள் சமையலறை மேசையில் பிறந்தது. அப்போது இருந்தவர்கள்: அடுப்புப் பக்கம் அக்கா. வாசல் பக்கம் அத்தான், நழுவ வழி பார்த்தபடி. சுவரோரம் நான். நடுவில், சாஸர் மேல், காலமான செடி.

[‘காலமான’ என்பதை அடித்துவிடலாமா? முதல் பத்தியிலேயே ஒரு சாவு. இது சிரிப்புக் கதை என்று யார் நம்புவார்கள்? இருக்கட்டும்.]

2.

கதாநாயகி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு வருடம் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போகும் முன் அந்தச் செடியைத் தொட்டியோடு என்னிடம் கொடுத்தார். இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் குண்டுச் செடி. மணலும் சரளையும் கலந்த மண்.

“வெயில்ல வைங்க. மண்ணு நல்லா காஞ்சப்புறம் கொஞ்சூண்டு தண்ணி. மத்தபடி சும்மா விடுங்க. உங்களால முடியுமா?”

“இதென்ன பெரிய விஷயம்?”

“மூணு மாசத்துல நாப்பத்தோரு லெட்டர் போட்டிருக்கீங்க. பத்திக்குப் பத்தி நம்பர் வேற. உங்களக் கட்டிக்கிட்டா மூச்சு விட முடியுமான்னு எனக்குத் தெரியணும். நான் வரும்போது இது உயிரோட இருந்தா, கல்யாணம்.”

[ஒருத்தர் இப்படியெல்லாம் பேசுவாரா என்று எழுதும்போதே சந்தேகம். பேசினார். எதிரே நின்றவன் நான்.]

3.

தொடக்கம், முதல் முயற்சி: ‘முன்னொரு காலத்தில், ஒரு பாலைவனத்தில்…’ வேண்டாம். செடி வந்தது நர்சரியிலிருந்து.

இரண்டாம் முயற்சி, உள்ளது உள்ளபடி: பதினோராவது வாரம் இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டால் கூழாக வந்தன. மேசையில் விசாரணை.

“காலைல ஏழேகாலுக்கு அரை டம்ளர்தான்,” என்றேன். “தினமும். நோட்டுல டிக் பண்ணியிருக்கேன்.”

“ஐயோ, நீயுமா?” என்றாள் அக்கா. “வாடின மாதிரி இருக்கேன்னு நான் மத்தியானம் ஊத்துனேன்டா!”

இருவரும் அத்தானைப் பார்த்தோம்.

“நான் தண்ணியே ஊத்தல,” என்றார் அத்தான். “டீதான். ஆறின டீ. சத்துன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

அக்கா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். இந்த இடத்தில் கதாநாயகன் அழுவதாக எழுதி வைத்திருந்தேன். கல்யாணமே கூழாகிக் கிடக்க, அவன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துத் தொலைத்தான்.

4.

முடிவுகள்.

(அ) அத்தானுடையது. “இதே மாதிரி ஒண்ணு வாங்கி அதே தொட்டில வச்சிரு. யாருக்குத் தெரியும்?”

“அவ லென்ஸ் தேய்க்கிற பொண்ணு,” என்றாள் அக்கா. “மயிரிழை வித்தியாசம் பாக்குறதுதான் அவளுக்கு வேலையே.”

(ஆ) என்னுடையது. பன்னிரண்டு பத்தி, ஆறு தாளில் மன்னிப்பு. ‘1. முதற்கண், தங்கள்…’ [அவர் போன பிறகு முதல், ஆக நாற்பத்திரண்டாவது கடிதம். படித்ததும் அவர் இன்னும் தூரத்து ஊருக்கு மாற்றல் கேட்பார்.]

(இ) இதை நான் எழுதவில்லை, நடந்தது. டீக் கறையைத் துடைக்க அக்கா, செடி இருந்த ஜன்னலோர அலமாரியை நகர்த்தினாள். பின்னால், தூசிக்குள், என்றோ உதிர்ந்த ஓர் இலை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, டீயும் இல்லை. அதன் அடிமுனையில் இளஞ்சிவப்பாய் ஒரு வேர். வேரருகே கடுகளவு புதுச் செடி.

“டேய்! உயிரோட இருக்குடா!”

நான் பாய்ந்து எழுந்து டம்ளரைத் தேடினேன். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

5.

எழுதியது இவ்வளவுதான்:

‘நீங்கள் கொடுத்த செடி செத்துவிட்டது. மூன்று பேரும் ஆளாளுக்கு ஊற்றிக் கொன்றோம். ஓர் இலை மட்டும் துளிர்த்திருக்கிறது. இத்தனை நாள் அது எங்கள் கண்ணில் படவில்லை.’

அதற்கடியில் ‘தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்…’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன்.

“அரைப் பக்கம்கூட வரலியே!” என்றார் அத்தான்.

“போதும் அத்தான்.”

கடுகளவு உயிர், சொன்ன வாக்குக்குச் செல்லுமா? அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை பொறுக்காதவர்கள் தங்கள் தீர்ப்பை இங்கே எழுதிக்கொள்ளலாம்:

………………………
………………………

உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். வழக்கமாக, தபால்காரர் வந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இன்று நிற்கவில்லை.