கயிறா, கம்பியா

ஆபீசர் விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் மெஹபூப் அலி முதல் காரியமாக வீட்டுக்கு வெள்ளையடித்தார். கடைசிக் காரியமாக, விசாரணைக்கு முந்தின சாயங்காலம், கூடத்துச் சுவர்களில் எதிரும் புதிருமாக அடித்திருந்த இரண்டு ஆணிகளையும் தாமே பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, ஓட்டைகளில் சுண்ணாம்பை அப்பி அடைத்தார். "வர்றவர் இது இன்னாத்துக்குன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கினு பதில் சொல்றது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். சமையற்கட்டில் இருந்த மருமகள் வஜீஹாவின் காதில் அது விழுந்தது. மாமனார் தொழுகைக்குப் போனதும் முற்றத்தில் இறங்கி, ஆணிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருந்தது அந்த வீடு. ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, கையகல முற்றம். கூடத்தின் ஒரு கோடியில் மாமனார் மாமியார் படுக்கை. மறு கோடியில், மகன் ஷரஃபுதீன் ஊரில் இருந்த காலத்தில், அவனும் வஜீஹாவும். நடுவில் ஆணிக்கு ஆணி கயிறு கட்டி, அதில் ஒரு கட்டில் விரிப்பு தொங்கும். விடியலில் பாங்கு சொல்லுமுன் விரிப்பு மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும். பகலில் அந்த வீட்டில் அப்படி ஒரு வஸ்து கிடையாது. அதைப் பற்றி யாரும் பேசியதும் கிடையாது.

ஷரஃபுதீன் யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவன். பாதம் ஆறியதும் நிக்காஹ் செய்து வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய குடைக்கடை முதலாளி கூப்பிட்டனுப்ப, கப்பலேறிப் போனான். இப்போது, நாற்பத்தெட்டில், மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தான். அங்கே புது சர்க்கார், புதுக் கெடுபிடி. நிக்காஹ் பத்திரம் இருந்தால் போதாதாம். பத்திரத்தைக் காட்டி யார் யாரையோ மனைவி என்று இறக்கிவிடுகிறார்களாம். ஆகவே இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியதற்கு, ஊரில் கௌரவமானவர்களை ஓர் ஆபீசர் விசாரித்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். ஒரு குழந்தை இருந்தால் அதுவே சாட்சி சொல்லியிருக்கும். இல்லை. அதை மாமியார் குல்சும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வாள்.

மெஹபூப் அலிக்கு இந்த விஷயத்தில் கவலையே இல்லை. ஹைகோர்ட்டில் ஒரு ஜட்ஜுக்கு டவாலியாக இருந்து ரிடையர் ஆனவர் அவர். முப்பது வருஷம் குறுக்கே சிவப்புப் பட்டை அணிந்து ஜட்ஜுக்கு முன்னால் நடந்ததில், சட்டம் தமக்குப் பின்னால் நடந்து வந்ததாகவே அவர் நினைப்பு. "சாட்சிதான் கேஸு. சாட்சிய நான் பாத்துக்கறேன்" என்றார். சந்திலேயே பெரிய மனிதர்கள் இருவரைப் பிடித்தார். விறகுத்தொட்டி வலியுல்லா ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி இன்னொருவர். தினமும் மாலையில் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து, என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே தாடியைத் தடவ வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தார்.

ஆபீசர் கருணாகரன் காலையில் வந்தார். கோட்டு, தொப்பி, தோல் பை. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். சமையற்கட்டின் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த வஜீஹாவுக்கு, திரையின் அடிவழியாக அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. இடது காலுறையின் ஓட்டையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஆபீசரின் குரலுக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமே இல்லை.

"ஐயாவுக்கு எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகத் தொடங்கினார் மெஹபூப் அலி.

"தியாகராய நகர்."

"அடேயப்பா. பங்களாங்களா?"

"போர்ஷன்." பெருவிரல் உள்ளே போக முயன்றது. "அப்பா, அம்மா, தம்பி, ரெண்டு தங்கச்சி, நான், என் சம்சாரம்... எல்லாரும் ஒண்ணா இருக்கோம். சரி, முதல் சாட்சி யாரு?"

வலியுல்லா தொண்டையைச் செருமினார். "இந்தப் பொண்ணு வந்த நாளா எதிர் வூடு நான். இதும் மூஞ்சி கறுப்பா செவப்பா, எனக்குத் தெரியாது சார். ஷரஃபு தம்பி இதாண்ட ஒரு வார்த்தை பேசி நான் காதால கேட்டது கெடையாது. அப்பேர்ப்பட்ட குடும்பம்!"

"சேர்ந்து வெளியே போறதை?"

"அல்லா! அந்த மாதிரி மனுஷங்க இல்ல சார் இவங்க."

பேனா கரகரவென்று எழுதியது. முத்தவல்லி ஒரு படி மேலே போனார். மகன் ஊரில் இருந்த காலத்தில் இந்த வீட்டில் ஒரு மருமகள் இருப்பதே தமக்குத் தெரியாது என்று, தாடியைச் சரியான இடத்தில் தடவி, சத்தியம் செய்தார். மெஹபூப் அலியின் கால்கள் மகிழ்ச்சியில் ஆடுவது திரைக்கடியில் தெரிந்தது. வஜீஹா தன் புகழைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புகழுக்கும் ரங்கூன் ஒரு கடல் தள்ளிப் போனது.

அப்போது கொல்லைப்புறமாகக் கீரைக்கூடையோடு வந்த வேலம்மா, விஷயம் புரிந்து சமையற்கட்டு வழியாகவே தலையை நீட்டினாள். "நான் பாத்துக்கீறேன் நைனா! காலங்காத்தால கீர குடுக்க வந்தா, அந்தப் புள்ளயும் இதுவும்..."

"சைலன்ஸ்!" என்று மெஹபூப் அலி கத்தினார். கோர்ட்டையே அடக்கிய குரல். வேலம்மா அடங்கவில்லை, குல்சும்தான் வாயைப் பொத்தி இழுத்துப் போனாள். ஆபீசரும், "கௌரவமானவங்க சொன்னாத்தான் எழுத முடியும்" என்றார். பார்த்தவளுக்குக் கௌரவம் இல்லை. கௌரவம் உள்ளவர்கள் பார்த்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வஜீஹா உட்கார்ந்திருந்தாள்.

கருணாகரன் பேனாவை மூடினார். "பெரியவரே, உங்க சாட்சி சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். இதைப் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? உங்க மகனும் இந்தம்மாவும் ஒரே வீட்டில தனித்தனியா இருந்த ரெண்டு பேர். அவ்வளவுதான்."

"அதானுங்களே மரியாதை!" என்றார் மெஹபூப் அலி, பாராட்டு என்று நினைத்து.

வஜீஹாவுக்குக் கணவனின் முழுக்குரல் தெரியாது. பகலில் அவன் தகப்பனாரோடு பேசும்போது யாரோ பேசுவது போலிருக்கும். விரிப்புக்கு இந்தப் பக்கம் அவன் பேசியதெல்லாம் மூச்சுக்குரலில்தான். காட்டில் அட்டை கடித்த கதையைக்கூட அப்படித்தான் சொன்னான். சிரிப்பு வந்தால் அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். இப்போது எழுதியிருந்தான்: கடைக்கு மேலே ஓர் அறை பார்த்திருக்கிறேன், சின்னதுதான், ஆனால் கதவு இருக்கிறது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளை அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டாள்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வஜீஹா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு ஆணிகளையும் திரைக்கு அடியில் வைத்து, விரலால் வெளியே தள்ளிவிட்டாள்.

அவை தரையில் வழுக்கி, ஓட்டைக் காலுறையருகே போய் நின்றன. இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒன்றின் கழுத்தில் கயிற்றின் நார் இன்னும் சுற்றியிருந்தது.

வலியுல்லாவுக்குத் திடீரென்று விறகுத்தொட்டி ஞாபகம் வந்தது, எழுந்துவிட்டார். முத்தவல்லியும் அவர் பின்னாலேயே போனார். ஆபீசரின் கை கீழே வந்து ஓர் ஆணியை எடுத்தது. கால்கள் ஒரு சுவர்வரை நடந்தன, பிறகு எதிர்ச்சுவர்வரை. ஈரச்சுண்ணாம்பை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

பிறகு கால்கள் திரைப்பக்கம் திரும்பின. குரலில் இருந்த கோட்டும் தொப்பியும் எங்கோ கழன்றிருந்தன.

"கயிறா, கம்பியாம்மா?"

அந்நிய ஆணுக்கு அவள் இதுவரை பதில் சொன்னதில்லை. சொன்னபோது, பழக்கதோஷம், மூச்சுக்குரலில்தான் வந்தது. "கயிறுதாங்க. கம்பின்னா வளையம் சத்தம் போடும்."

பெருவிரல் மடங்கியது.

"போடும்" என்றார் கருணாகரன். ஆணியைத் தரையில் வைத்துவிட்டு, "ரொம்பவே போடும்" என்றார்.

மறுபடி நாற்காலி, மறுபடி பேனா. இந்த முறை கரகரப்பு இல்லை. மெதுவாக, யோசித்து யோசித்து எழுதியது. என்ன எழுதினார் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் துணிவில்லை. "மேலே அனுப்பறேன். முடிவு அவங்க கையில" என்றார். வாசலில் பூட்ஸின் கயிற்றைக் கட்ட அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

அவர் போன பிறகும் மெஹபூப் அலி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து ஆணிகளைப் பொறுக்கினார். சுவரருகே போய், அடைத்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, ஓர் ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இப்ப எதுக்கு அது? அவந்தான் இல்லியே" என்றாள் குல்சும், சமையற்கட்டிலிருந்து.

"இருக்கட்டும்."

"கல்லு தரட்டா?"

அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஈரச்சுண்ணாம்பில் ஆணி நேராக நின்றது. அவர் கையை எடுத்ததும் மெல்லச் சாயத் தொடங்கியது. வஜீஹா திரைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனாரின் காலடியில் வெள்ளைத் துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.