நான்காவது கேன்

சம்பூர்ணம் டீச்சருக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. காய்கறிக்காரியின் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காயைத் தொடுவாள். அப்படிப்பட்டவள் 1973-ல், செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் கடலின் ஒரு மூலையைக் கொண்டுவந்து வைக்க ஆசைப்பட்டாள்.

பள்ளிப் பிள்ளைகளை மண்டபத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது பிடித்த ஆசை அது. படகோரத்தில் முழங்கால் ஆழத்தில் பவழப்பாறை. பூவென்று நினைத்தால் பூவல்ல, கடல் தாமரை என்கிற பிராணி. அதன் இதழ்களுக்குள் ஆரஞ்சு நிற மீன் ஒன்று ஒளிந்து விளையாடியது. அன்று படகில் இருந்த சங்கு குளிக்கும் ராஜவேலு, அந்தத் தொழிலை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்துக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு, கடிதம் போட்டு வரவழைத்தாள்.

ராஜவேலு மூன்று முறை வந்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் பட்டியல் எழுதினாள். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி உதவாது, உப்பில் துருப்பிடிக்கும். சிமென்டில் கட்டி முன்பக்கம் மட்டும் கண்ணாடி பதிக்க வேண்டும். சுண்ணாம்புக் காரம் போக நாற்பது நாள் நல்ல தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும். காற்று ஊதும் மோட்டார் மதராஸ் மூர் மார்க்கெட்டில் கிடைக்கும். முதலில் கடல் தண்ணீர், மணல், பவழக்கல். மீன் பல மாதம் கழித்து, அதுவும் இரண்டே இரண்டு. கடல் தாமரை எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒவ்வொரு வரியிலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது நாள் எதற்கு? கொத்தனாரும் இவனும் கூட்டாளிகளா? மீனைக் கையில் வைத்துக்கொண்டே ஏன் இழுத்தடிக்கிறான்? கணவர் குமாரசாமியிடம் கேட்டாள். நெசவாளர் சங்கத்தில் சேலைகளின் சரிகையைச் சோதித்து வாங்கும் வேலை அவருக்கு. வீட்டில் அவர் எதையும் சோதிப்பதில்லை. அவளே எல்லாவற்றையும் சோதிக்கிறாளே என்று விட்டுவிட்டார்.

தொட்டி தயாரானதும் ராஜவேலு நான்கு பெரிய பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான். குமாரசாமி பஸ் நிலையத்திலிருந்து சைக்கிளில் இரண்டிரண்டாகக் கட்டிக் கொண்டுவந்து, அவள் பள்ளியிலிருந்து வருமுன்பே தொட்டியில் ஊற்றியிருந்தார். அது அவளுக்கு உறுத்தியது. மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து மிதக்கவிட்டாள். கடல் தண்ணீர் ஆயிரத்து இருபத்தைந்து காட்ட வேண்டும். ஆயிரத்துப் பத்தொன்பதுதான் காட்டியது. மூன்று தரம் பார்த்தாள். கால் பங்கு நல்ல தண்ணீர். "நினைச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேலு ஈரச்சாக்கில் பவழக்கற்களைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தி, எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அது என்று கேட்டாள். அவன் நேரே உள்ளே வந்து, தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"நல்ல தண்ணி கலந்துதான் இருக்குது, டீச்சரம்மா. நான் கலக்கல. இதுல கல்லைப் போட்டா அதுல இருக்கிற உசுரு அத்தனையும் செத்துப்பூடும். நான் எடுத்துக்கினு போறேன்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். ஏமாற்ற வந்தவன் கல்லைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டல்லவா போயிருப்பான்? அவள் யோசித்தபடி திரும்பினாள். குமாரசாமி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒரு கேன் மூடி கழண்டு, ரங்கசாமி குளத்தாண்ட பூரா கொட்டிப்போச்சு" என்றார். "தெருப் பம்புல ரொப்பிக்கினு வந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்னாங்க?"

"சொன்னா நம்பியிருப்பியாம்மா? எந்த இடத்துல, எத்தினி மணிக்கு, யாரு பாத்தாங்கன்னு கேட்டிருப்பே."

அவள் வாயில் அந்தக் கேள்விகள் வரிசையாக வந்து நின்றிருந்தன. அவற்றை விழுங்க வேண்டியிருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதர், சிந்திய தண்ணீரைச் சொல்லப் பயந்து பொய்யை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ராஜவேலுவை வாசலில் நிறுத்தியதைவிட இது அவளை அதிகம் சுட்டது.

அடுத்த ஞாயிறு இருவரும் காலிக் கேன்களோடு பஸ் மாறி மாறிச் சதுரங்கப்பட்டினம் போனார்கள். ராஜவேலு கற்களை வலையில் கட்டிப் பாறை இடுக்கில் மறுபடி கடலுக்குள் இறக்கி வைத்திருந்தான். அவளே நடந்ததைச் சொன்னாள். கணவரை முந்தவிடவில்லை. "உங்களைத் தப்பா பேசிட்டேன்" என்றாள்.

அவன் கேன்களை வாங்கிக்கொண்டான். தோணிகள் கட்டியிருந்த இடத்தைத் தாண்டிப் போய்த் தெளிந்த தண்ணீர் மொண்டு வந்தான். கற்கள் இப்போது வேண்டாம், பஸ்ஸில் போய்த் திரும்பியதில் களைத்திருக்கும், தை பிறக்கட்டும் என்றான்.

தை வரைக்குமா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

தையில் கற்கள் வந்தன. சித்திரையில் ஒரு மீன் வந்தது. அதற்குள் குமாரசாமி வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, தானாகவே வந்து சொன்னார். எப்படி உடைந்தது என்று அவள் கேட்கத்தான் செய்தாள். ஆனால் ஒரே ஒரு தரம்.